கேமராவைப் பார்க்காத மூன்று பேர்

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. தை வரும்வரை இந்த ஊரில் ஒருவனும் தாலி கட்ட மாட்டான், ஆகவே எனக்கு வேலை இல்லை. ஆல்பம் போடும் கம்பெனி போன ஜனவரியில் கொடுத்த டைரியை இன்றுதான் திறந்தேன். முதல் பக்கத்தில் ‘கோதண்டம், கோதண்டம் ஸ்டூடியோ, பெரம்பூர்’ என்றும் என் ரத்த வகையும் எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் முந்நூற்று ஐம்பது பக்கம் வெள்ளை. கல்யாண போட்டோகிராபர் டைரி எழுதுவது என்றால் மார்கழியில்தான் முடியும்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள் ரோஷிணி. பதினேழு வயது. எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். நவம்பரில் நடந்த மாவட்டப் போட்டிக்குப் பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்டால் அவள் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டுவாள். ஒரு மாதமாக இதே கதை. இன்று காலை அவளாகவே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ஜனவரி 11 அன்று மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறார்களாம். இரண்டு நிமிடம் இருபது நொடிக்குள் ஓட வேண்டும். இந்த வயதுப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. நான் அங்கே வரக் கூடாது என்று சொல்லத்தான் பேசியிருக்கிறாள்.

பெற்ற மகள் ஓடுகிறாள், நான் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதா? வருவேன் என்றேன். அவள் மூன்று விரலை நீட்டினாள்.

“அப்ப மூணு போட்டோ எடுத்துட்டு வா. ஒரு மனுஷன், ஒரு மிருகம், ஒரு ஓட்டக்காரர். ஒருத்தர்கூட உன் கேமராவ பாத்திருக்கக் கூடாது. கொண்டு வந்து காட்டு, அப்பறம் ஸ்டேடியத்துக்கு வா.”

சிரிப்பு வந்துவிட்டது. இருபத்து மூன்று வருடமாக இதே தொழில் செய்கிறவனிடம் மூன்றே மூன்று படம் கேட்கிறாள். இரண்டு நாள் வேலை.

மாவட்டப் போட்டியிலும் இதே இரண்டு நிமிடம் இருபது நொடிதான் இலக்கு, அவள் பத்தில் நாலு பங்கு நொடியில் கோட்டை விட்டாள். அன்றைக்குக் காற்று பலம். நான் வளைவில் நின்று ஒரு படம் எடுத்தேன், அவ்வளவுதான். இதில் என் தவறு என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லாத இடம் எது என்று யோசித்துக் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போனேன். விடிகாலை. படகுகள் வந்து கரை அணைந்துகொண்டிருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டிலும் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். சும்மா பார்க்கவில்லை, சிரிக்கிறார்கள். ஏலம் விடுகிறவர் வாயில் இருந்த விலையை விழுங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கூடை சுமந்து போனவர் கூடையை இறக்கி வைத்து, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். தரையில் போட்டிருந்த வஞ்சிரம்கூட என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அது செத்துப் போனது, அதைக் குறை சொல்ல முடியாது.

மீன் வெட்டும் அம்மாவிடம், ஏன் வேலையை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். “நீதானே நைனா சிரிக்கச் சொன்ன” என்றார். ஏலக் கூச்சலில் வேறு யாரோ சொன்னதை என் தலையில் கட்டிவிட்டார். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நாற்பத்தேழு பேர் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். மாலை முழுதும் அனுப்பினேன். வீடெல்லாம் மீன் வாடை என்று புனிதா என் சட்டையை வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். அவள் என் மனைவி, மின்வாரிய ஆபீசில் புகார் எழுதிக்கொள்ளும் வேலை. எதைக் கேட்டும் அசர மாட்டாள்.

டிசம்பர் 19, வெள்ளி

பின்னாலிருந்து எடுங்களேன் என்றாள் புனிதா. எடுத்தேன். முப்பத்தொரு முதுகு. முப்பத்தொன்றும் திரும்பின.

டிசம்பர் 21, ஞாயிறு

பஸ் ஸ்டாப்பில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்து, நல்ல குறட்டை. இவரைவிட வசதியான ஆள் கிடைக்க மாட்டார் என்று கேமராவைத் தூக்கினேன். கண்ணைத் திறக்காமலே எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பித்தானைப் போட்டார். பிறகு கண்ணைத் திறந்து சிரித்தார்.

அதே பெஞ்சில் இன்னொரு கோடியில் ஒரு பெண். இருவருக்கும் நடுவே நிறைய இடம் காலியாக இருந்தது. அந்த இடைவெளி என் கண்ணை உறுத்தியது. எப்போது நடந்தேன் என்று தெரியவில்லை, அந்த ஆளின் தோளைப் பிடித்து அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துவிட்டு வந்து படம் எடுத்திருக்கிறேன். இருவரும் ஒத்துழைத்தார்கள். அப்புறம்தான் அந்தப் பெண்ணின் கணவர் வாட்டர் பாட்டிலோடு வந்தார். தூங்கியவர் இன்னார் என்றே அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இதை அவள் கணவருக்குப் புரியவைக்க இரண்டு பஸ் போய்விட்டது. கடைசியில் அவர்கள் இருவரையும் தனியாக ஒரு படம் எடுத்துக் கொடுத்துச் சமாதானம் ஆனேன்.

மனிதர்களிடம் வேலைக்கு ஆகாது. மிருகத்தில் தொடங்குகிறேன்.

டிசம்பர் 24, புதன்

கிண்டி சிறுவர் பூங்கா. வேலிக்கு அந்தப் பக்கம் பதினேழு புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் எல்லாம் தலையைத் தூக்கின. பிறகு கொம்புள்ளவை பின்வரிசைக்குப் போயின. பெண் மான்கள் நடுவில். குட்டிகள் இரண்டு முன்னால் வந்து காலை மடக்கி உட்கார்ந்தன. ஓரத்தில் நின்ற ஒரு மான் சட்டத்துக்கு வெளியே இருந்தது. நான் கையை ஆட்டியதும் உள்ளே நகர்ந்தது. குடும்பப் படம் என்றால் இப்படி இருக்க வேண்டும். எத்தனை மண்டபத்தில் தொண்டை கிழியக் கத்தியும் எனக்கு இப்படி ஒரு வரிசை அமைந்ததில்லை.

காவலாளி வந்து, மான்களுக்கு ஏதாவது கொடுத்தேனா என்று என் பையைச் சோதித்தார். இல்லை என்றானதும் தன்னையும் மான்களோடு ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

டிசம்பர் 26, வெள்ளி

வாடகைக்குப் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணை சதுப்புநிலம் போனேன். அரை கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கூழைக்கடா தண்ணீரில் நின்றது. நான் இருப்பதே அதற்குத் தெரிய நியாயமில்லை. கவனம் வைத்து மூச்சை அடக்கினேன். கூழைக்கடா மெல்லத் திரும்பியது. மோவாயைத் தாழ்த்தியது. இடது தோளைச் சற்று இறக்கியது. மாப்பிள்ளைகளிடம் நான் இதைத்தான் கெஞ்சுவேன், ஒருவருக்கும் வராது.

பக்கத்தில் பச்சை உடை போட்ட பறவை பார்க்கிறவர்கள் நாலு பேர் புதருக்குள் புதராக உட்கார்ந்திருந்தார்கள். அதில் பெரியவர் எழுந்து வந்து, இங்கே கத்தக் கூடாது என்றார். நான் கத்தவில்லை என்றேன். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றேன். அவர் மற்ற மூவரையும் பார்த்தார். மூவரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்திலும் ஒரு சிரிப்பு மிச்சம் இருந்ததைக் கவனித்தேன். பறவைக் கிறுக்கர்கள்.

டிசம்பர் 27, சனி

தெருமுனையில் இஸ்திரி போடும் அந்தோணி என் பேண்ட்டைக் கொடுத்தபோது, தினமும் காலையில் ரயில்வே கிரவுண்டில் என் குரல் கேட்கிறதே, நானும் ஓட ஆரம்பித்துவிட்டேனா என்று கேட்டார். நான் அந்தப் பக்கமே போவதில்லை. அது ரோஷிணி பயிற்சி எடுக்கும் இடம், அங்கே எனக்குத் தடை. அவர் தேவாலயத்து மணி அடித்தாலே திருடன் என்று எழுந்து உட்காருகிற ஆள், காதை நம்ப முடியாது.

வீட்டில் இருந்த புளூடூத் ஸ்பீக்கரைக் காணவில்லை. புனிதாவைக் கேட்டால் தெரியாது என்கிறாள். புகார் எழுதும் ஆபீசில் இருக்கிறவள், தெரியாது என்பதைச் சொல்லும் அழகே தனி.

டிசம்பர் 29, திங்கள்

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடித் திறந்து கொண்டிருக்கிறேன்.

மெர்சி வீட்டுக்குப் போனேன். என் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவர். பதினாலு வருடமாக என் பக்கத்தில் நின்று எடுக்கிறார், காதில் ஹெட்போன் மாட்டி ஒலியையும் அவரே பார்த்துக்கொள்வார். என் சங்கடத்தைச் சொன்னேன். எடுக்கும்போது எல்லோரும் ஏன் என்னையே பார்க்கிறார்கள், உனக்கு ஏதாவது தெரியுமா மெர்சி என்றேன். அவர் சிரித்தார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். மறுபடி சிரித்தார். பிறகு கம்ப்யூட்டரில் ‘கோதண்டம் அண்ணா’ என்று பெயரிட்ட ஒரு பெட்டியைத் திறந்தார்.

ஒரு குரல். “இங்க பாருங்க. சிரிங்க. மாப்ள, தோள எறக்குங்க. அம்மா, மூக்குத்தி தெரியணும், இங்க பாருங்க. அய்யரே, இங்க பாருங்க, மந்திரம் அப்பறம் சொல்லிக்கலாம்.” நாற்பது நிமிடம் ஓடியது, இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறதாம். ஒரு துக்க வீட்டுப் பதிவும் அதில் இருந்தது. “அழாதீங்கம்மா, இங்க பாருங்க, லேசா சிரிங்க.”

“பதினாலு வருஷமா உங்க குரல வெட்டி எடுக்கறதுதாண்ணா என் வேலையே,” என்றார் மெர்சி. “நாதஸ்வரத்த எதுக்கு அவ்ளோ சத்தமா போடறேன்னு நெனச்சீங்க?”

அந்தக் குரல் என்னுடையது அல்ல என்றேன். என் அண்ணன் ஒருவர் அரக்கோணத்தில் இருக்கிறார், அவர் குரல் கொஞ்சம் இப்படி இருக்கும். மெர்சி தலையாட்டினார். காபி கொடுத்தார். இந்தப் பெட்டியை இன்னொருத்தருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன், யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார். கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். அந்தோணி கிரவுண்டில் கேட்டதாகச் சொன்ன அதே நேரத்தில் நான் பள்ளிக்கரணையில் இருந்தேன். ஆக என்னைப் போலவே குரல் உள்ள ஒருவன் இந்த ஊரில் நடமாடுகிறான். இது எனக்குச் சாதகமான விஷயம்.

டிசம்பர் 30, செவ்வாய்

அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் டிசம்பர் முழுக்க அரக்கோணத்தை விட்டு நகரவில்லை.

ஜனவரி 1, வியாழன்

புது டைரி வரவில்லை, பழையதின் முன்பக்கத்துக்கே வந்துவிட்டேன். மேலே புதன் என்று அச்சடித்திருக்கிறது. தேதி சரி, கிழமை தப்பு. பரவாயில்லை, டிசம்பரில் எனக்கு எல்லாமே தப்பாகத்தான் இருந்தது.

ரோஷிணி புத்தாண்டு வாழ்த்து சொன்னாள், அம்மாவைப் பார்த்து. இன்னும் பத்து நாள். கையில் ஒரு படம் இல்லை. காலையில் வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கைக்குட்டைக்குள்ளிருந்து ஏதோ முனகல் வந்தது, எதிரே பூ விற்கிறவர் திரும்பிச் சிரித்தார். பபிள்கம் மென்றேன், மென்றுகொண்டே. வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

ஜனவரி 2, வெள்ளி

ஒன்று கிடைத்துவிட்டது!

காலையில் ரத்த அழுத்த மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். விழுங்குவதற்குள் ஜன்னல் வழியே அந்தோணி தெரிந்தார். ஒரு வேட்டியை விரித்து, அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கேமரா பக்கத்திலேயே இருந்தது. எடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேட்டியைப் பார்த்துக்கொண்டு அடுத்த மடிப்புக்குப் போனார். மறுபடி எடுத்தேன். பார்க்கவில்லை. மாத்திரை வாயிலேயே கரைந்து கசப்பு தலைக்கேறியது, ஆனாலும் விழுங்கவில்லை.

வாய் நிறையத் தண்ணீர் இருந்தால் யாரும் பார்ப்பதில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அதை எழுதப் போவதில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

கிண்டி. இரண்டு பாட்டில் தண்ணீர். வாயில் நிரப்பிக்கொண்டு வேலிக்குப் போனேன். போன தடவை குடும்பப் படத்துக்கு நின்ற மான்களுக்கு இன்று நான் யாரோ. ஒன்று பின்னங்காலால் காதைச் சொறிந்தது. எடுத்தேன். அதற்குள் காவலாளி என்னை அடையாளம் கண்டு, போன படம் இன்னும் வரவில்லையே என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் கன்னத்தைக் காட்டினேன். பல்வலியா என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் ஒரு பல் டாக்டரின் பெயர், முகவரி, போகிற பஸ் எல்லாம் சொன்னார். அவ்வளவு நேரமும் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவர் படத்தை அனுப்பினேன்.

ஜனவரி 6, செவ்வாய்

மெரினா. விடியும் நேரம். கன்னம் உப்பி, கேமராவோடு ஒருவன் மணலில் நிற்பதைப் பார்த்து நடைப்பயிற்சிக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆரஞ்சு பனியன் போட்ட ஒருவர் சர்வீஸ் ரோட்டில் ஓடி வந்தார். ஓட்டம் என்றால் அதுதான் ஓட்டம், கால் தரையில் பாவவில்லை. அழுத்துகிற நொடியில் விக்கல் வந்தது. பாதித் தண்ணீர் மூக்கு வழியாகப் போயிற்று. ஆனால் படம் விழுந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை.

மூன்றும் முடிந்தது.

ஜனவரி 7, புதன்

ரோஷிணியிடம் காட்டினேன். அவள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தோணி படத்தில் ஜன்னல் கம்பி குறுக்கே ஓடுகிறது. மானுக்குப் பின்பாதிதான் இருக்கிறது. ஓட்டக்காரர் சாய்ந்து, கலங்கி, ஆரஞ்சு ஜூஸ் கொட்டியதுபோல் இருக்கிறார். இருபத்து மூன்று வருடத்தில் இவ்வளவு மோசமான படங்களை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. வாய் மூடினால் எனக்குக் கையும் ஓடவில்லை போலிருக்கிறது.

“கேவலமா இருக்குப்பா,” என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். “சரி, வா.”

ஐம்பத்திரண்டு நாள் கழித்து என்னைப் பார்த்துப் பேசிய முதல் நல்ல வார்த்தை. சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வெங்காயம் உரிக்கிறேன் என்று புனிதாவிடம் சொன்னேன். என் கையில் வெங்காயம் இல்லாததை அவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

ஜனவரி 8, வியாழன்

இனி எழுதிவிடலாம்.

நவம்பர் 16. மாவட்டப் போட்டி. காற்று ஒன்றும் இல்லை. ரோஷிணி கடைசி வளைவில் முதலாவதாக வந்தாள். நான் கம்பி ஓரம் நின்றிருந்தேன். கேமராவைத் தூக்கினேன், சொன்னேன். “ரோஷிணி, இங்க பாரும்மா, சிரி.”

அவள் பார்த்தாள். சிரிக்கவும் செய்தாள். சின்ன வயதிலிருந்து நான் சொன்னால் சிரித்துப் பழகியவள். முதல் பிறந்தநாளில் மெழுகுவத்தியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று அழுகையை நிறுத்திச் சிரித்தாள். அன்றைக்கும் சிரித்தாள். இரண்டு நிமிடம், இருபது நொடி, அதற்குமேல் பத்தில் நாலு.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை. நான் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான். நான்தான் அவளைத் தோற்கடித்தேன்.

ஜனவரி 10, சனி

தண்ணீரோடு ஒத்திகை. பதினெட்டு நிமிடம் தாங்குகிறது. ரோஷிணி ஓடப்போவது இரண்டரை நிமிடம்கூட இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

எட்டு மணிக்கே ஸ்டேடியத்துக்குப் போய்விட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று வாசலிலேயே வாயை நிரப்பிக்கொண்டேன். நீலத் தொப்பி போட்ட ஒரு தன்னார்வலர் என் கன்னத்தைப் பார்த்து, பாக்கு போட்டிருக்கிறேனா, இங்கே துப்பக் கூடாது என்று எச்சரித்தார். தலையாட்டினேன். தமிழ்த்தாய் வாழ்த்து ஆரம்பித்தது. எல்லோரும் பாடினார்கள், நான் மட்டும் கன்னம் உப்பி விறைப்பாக நின்றேன். அவர் பாட்டு முடியும்வரை என்னை முறைத்தார், பிறகு என் பக்கத்திலேயே இடம் பிடித்து நின்றுகொண்டார்.

கடைசி வளைவு தொடங்கும் இடத்தில், கம்பி ஓரமாக, நவம்பரில் நின்ற மாதிரியே நின்றேன். பதினோரு மணிக்கு எண்ணூறு மீட்டர். ரோஷிணி வெள்ளை பனியன், மூன்றாவது பாதை. துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்று அறுபத்தெட்டு நொடி என்று ஒலிபெருக்கி சொன்னது, அவள் இதுவரை ஓடியதிலேயே நல்ல தொடக்கம். நான் தண்ணீருக்குள்ளேயே சந்தோஷப்பட்டேன்.

இரண்டாவது சுற்றில் எதிர்ப்பக்க நேர்க்கோட்டில் அவள் தளர்ந்தாள். கால் கனத்துவிட்டது. அவளுக்கு முன்னால் ஒருத்தி போய்விட்டாள், பின்னால் இரண்டு பேர் நெருங்கினார்கள். ரோஷிணி தலையைச் சற்றுச் சாய்த்து, யாரோ கூப்பிடுவதற்குக் காத்திருப்பவள்போல் ஓடினாள். நான் வாயை இறுக்கிக்கொண்டேன். செத்தாலும் திறப்பதில்லை.

அப்போது கம்பி ஓரமாக ஒருவர் என்னை நோக்கி ஓடி வந்தார். ரோஷிணியின் பயிற்சியாளர் ரங்கநாயகி மேடம். ஒரு காலத்தில் ரயில்வேக்காகத் தடை தாண்டியவர், இப்போது அறுபது வயது. வழியில் இருந்த நாற்காலிகளைத் தாண்டியே வந்தார்.

“ஏன் சார் சும்மா நிக்கறீங்க? கத்துங்க!”

நான் கன்னத்தைக் காட்டினேன்.

“அந்த மெர்சி பொண்ணு குடுத்த உங்க குரல ஸ்பீக்கர்ல போட்டுத்தான் ஒரு மாசமா ஓட விடறேன். அந்த வளைவுக்கு வந்தாலே புள்ள பயந்து நின்னுது சார். நீங்க ‘இங்க பாரு’ன்னா திரும்பக் கூடாது, வேகம் எடுக்கணும், திரும்பினா இருபது சுத்து. இப்ப அந்தக் குரலு வந்தாத்தான் அவளுக்குக் காலே ஓடுது. நீங்க வந்தா எப்படியும் கத்துவீங்கன்னு நம்பியிருந்தேன்.”

இருபத்து மூன்று வருடத்தில் என்னை யாராவது நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்தார்கள் என்றால் அது இது ஒன்றுதான், அதையும் நான் தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொண்டு நிற்கிறேன். ரோஷிணி வளைவுக்கு வந்துவிட்டாள். விழுங்கப் பார்த்தேன். பாதி உள்ளே போயிற்று. மீதி நீலத் தொப்பிக்காரரின் மேல் போயிற்று. கேமராவைத் தூக்கினேன்.

“ரோஷிணி, இங்க பாரும்மா, சிரி!”

என் குரலை முதல் தடவையாக என் காதால் கேட்டேன். மெர்சி பெட்டியில் கேட்ட அதே குரல். அண்ணன் பாவம், அவரை இதில் இழுத்திருக்கக் கூடாது.

ரோஷிணி திரும்பவில்லை. கழுத்து அசையவில்லை. கை மட்டும் வேகமாக வீசியது, அப்புறம் கால். முன்னால் போனவளை நோக்கிப் போனாள். அவளைப் பிடிக்கவில்லை, இரண்டாவதாகத்தான் வந்தாள். அதைப் பற்றி யாருக்குக் கவலை. ஒலிபெருக்கி நேரத்தைச் சொல்ல எடுத்துக்கொண்ட அந்த அரை நிமிடம் எனக்கு எண்ணூறு மீட்டரைவிட நீளமாக இருந்தது. இரண்டு நிமிடம், பத்தொன்பது நொடி, பத்தில் ஒன்று.

அழுதேன். நீலத் தொப்பிக்காரரின் தோளில்தான் அழுதேன், எப்படியும் நனைந்துதானே இருந்தது. அவரும் தட்டிக் கொடுத்தார், நல்ல மனுஷன்.

ரோஷிணி இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கோபமாக இருந்தாள்.

“ஏம்ப்பா இவ்ளோ லேட்டா கூப்ட? எவ்ளோ நேரம் காத்துட்டு இருக்கறது?”

பையில் மிச்சமிருந்த தண்ணீர் பாட்டிலைக் கம்பிக்கு மேல் நீட்டினேன். இந்தத் தடவை தண்ணீர் அவளுக்கு.

ஜனவரி 12, திங்கள்

படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். எப்போது அழுத்தினேன் என்று நினைவில்லை, ஆனால் கூர்மையாக விழுந்திருக்கிறது. நேரம் எடுக்கும் மேசையில் மூன்று பேர், மூவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மோர் விற்கிறவர் தம்ளரை உயர்த்திப் பிடித்திருக்கிறார். மேலே படிக்கட்டில் ஒரு பள்ளிக்கூடமே எழுந்து நின்று சிரிக்கிறது. மைதானத்துக்கு எப்படியோ வந்துவிட்ட ஒரு நாயும் பார்க்கிறது. ரோஷிணிக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்களும் ஓடிக்கொண்டே என் பக்கம் திரும்பி அழகாகச் சிரித்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு பேரை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. மேடத்துக்கு போன் செய்தேன். அவர்கள் நேரம் எப்படியும் நாலைந்து நொடி தள்ளித்தான் என்றார், இருந்தாலும் இருவர் வீட்டு முகவரியையும் வாங்கினேன். நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். சட்டம் போட்ட படத்தோடு போகலாம், சிரிப்பு இருவருக்கும் நன்றாக வந்திருக்கிறது.

புனிதா அலமாரியிலிருந்து ஸ்பீக்கரை எடுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தெரியாது என்றாயே என்றேன். புகாரை எழுதிக்கொண்டுவிட்டேன், இப்போது தீர்த்துவிட்டேன் என்றாள்.

ஜனவரி 18, ஞாயிறு

தை பிறந்து நாலு நாள். முகூர்த்தத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ரோஷிணி நாளை முகாமுக்குக் கிளம்புகிறாள். பெட்டியில் துணி அடுக்கும் சத்தம் கேட்கிறது. டைரிக்கு இனி நேரமிருக்காது.

ஸ்டூடியோச் சுவரில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். நவம்பர் சிரிப்பு இடது பக்கம், ஜனவரி வலது பக்கம். ரோஷிணியிடம் நவம்பர் படத்தை மாட்டலாமா என்று கேட்டுத்தான் மாட்டினேன். நல்லாத்தான் இருக்கேன் என்றாள்.

மதியம் வில்லிவாக்கத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்கு போட்டோகிராபர் தேடி வந்தார். உட்காரும் முன்பே இரண்டு படத்தையும் பார்த்தார். இடது பக்கம் பிரமாதம் என்றார். வலது பக்கம் நெருங்கிப் போய், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எனக்குத் தொழில் தெரியுமா என்ற சந்தேகம் வந்துவிட்டதுபோல் திரும்பினார்.

“எல்லாரும் கரெக்டா பாக்கறாங்க. நடுவுல இந்தப் பொண்ணு மட்டும் கேமராவப் பாக்கலையே சார். ஒரு வார்த்தை கூப்ட்டிருக்கலாம்ல?”

“கூப்ட்டேன் சார்,” என்றேன். “திரும்பவே இல்ல.”